றன்னகரம்

எலி என்றுதான் முதலில் நினைத்தாராம் தவசீலன்.
அலமாரிக்குப் பின்னால் பிசின் அட்டைகூட வைத்தார்.
மூன்றாம் இரவு கைப்பேசி வெளிச்சத்தைத்
தரையிலிருந்து மெல்லக் கட்டிலுக்கு உயர்த்தினால்
நறநறவென்று
என் முகம்.

காலை நாலு மணிக்கு எழுந்தால்
இடது காதுக்கு முன்னால் ஒரு வலி.
கொட்டாவியில் 'டக்'.
பழைய பேருந்தின் பின்கதவு
பாதியில் தயங்கி, பிறகு திறக்குமே,
அப்படி.
காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார்.

யீஷூன் பேருந்து நிலையத்தில் நான் கேப்டன் பூங்கோதை.
ஆறு வருடம். இரண்டு பாராட்டு, மூன்று புகார்.
அட்டையில் காசு இல்லாததற்கு என்னைத் திட்டியவர்,
மழையில் இரண்டு நிமிடம் தாமதித்ததற்குப் படம் பிடித்தவர்,
முகக்கவசத்தில் என்னை மலாய்க்காரி என்று நினைத்து
"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று
பக்கத்திலிருந்தவரிடம் தமிழிலேயே சொன்னவர்,
எல்லோருக்கும் கண்ணாடியில் ஒரு தலையசைப்பு.
சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன்.
விழுங்கினேன் என்றுதான் இருந்தேன்.
மெல்வது மட்டும் இரவுக்கு மிச்சமிருந்திருக்கிறது.

"வீவக கடன் இன்னும் நாலு வருசம்தானே,
பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க" என்றார் மைத்துனர்.
யார் பேச்சையும் இவ்வளவு ஒழுங்காக
நான் கேட்டதில்லை.

பல் டாக்டர் கெக், சின்னப் பெண்.
கடைவாயைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார்.
நாற்பத்திரண்டு.
பல்லுக்கு அறுபது, என்றார்.
இளஞ்சிவப்புக் களிம்பை அப்பி அச்செடுத்தார்.
படிவத்தில் சூயிங்கம் மெல்வீர்களா என்று ஒரு கேள்வி;
இந்த ஊரில் அதற்கு எங்கே போவது,
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பின் நடுவில் டக்.

காப்புத்தட்டின் விலையைச் சொன்னதும்
என் தாடை தானாக இறுகியது.
"பார்த்தீர்களா?" என்றார்.

உதடு சேரலாம், பல் சேரக் கூடாது.
நாக்கு?
ஆங்கிலத்து 'என்' எழுத்தைச் சொல்லி
அங்கேயே விட்டுவிடுங்கள்.

எங்களுக்கு அதில் மூன்று உண்டு என்று
அவரிடம் சொல்லவில்லை.
ஓட்டாத பேருந்தில், பயணியாக உட்கார்ந்து,
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.
ந, பல்லைத் தொட்டுவிடுகிறது.
மூன்று சுழி ண, நாக்கை முறுக்கி மேலே இழுக்கிறது.
இரண்டு சுழி ன.
முன்பல்லுக்குச் சற்றுப் பின்னே, அந்த மேட்டில்,
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த மாதிரி.
தாடை இறங்கிவிட்டது.

இப்போது யாராவது மணியை அழுத்தினால்
பேருந்தோடு சேர்த்து என் பல்லையும் விடுகிறேன்.
ஒரு நடைக்கு நாற்பது மணியாவது வரும்.
பள்ளி விடும் நேரத்தில் ஒரே மணியைப்
பத்துப் பிள்ளைகள் அழுத்துகிறார்கள், நல்லது.
சாயங்காலத்துக்குப் பிறகு கோப்பி இல்லை.
காய்ந்த சோத்தோங் இல்லவே இல்லை.
படுக்குமுன் கன்னத்தில் சுடுதுண்டு, பத்து நிமிடம்;
தவசீலன் நேரம் பார்ப்பார், பாதியில் தூங்கிவிடுவார்.

எந்தச் சொல்லும் ன-வில் தொடங்காது.
உயர்நிலை இரண்டில் படித்தது.
முடியும் சொற்கள் உண்டு:
நான்.
ஏன்.
நேற்று கடைசி நடை முடிந்து
காலி இருக்கைகளைப் பார்த்து
அந்த ஆளிடம் சொல்லாததைச் சொன்னேன்.
நானும் தமிழ்தான்.
சொல்லி முடித்தும்
நாக்கு அங்கேயே இருந்தது.

அதற்காக ஒன்றும் சரியாகிவிடவில்லை.
நீலப் பெட்டியில் கிடக்கும் காப்புத்தட்டில்
இடது பக்கம் புதிதாக ஒரு கோடு.
எந்த இரவு என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அலமாரியை நகர்த்தினோம்.
பிசின் அட்டையில் எலி இல்லை.
கொஞ்சம் தூசி, தவசீலனின் ஒரு காலுறை,
போன வருடம் வீடெல்லாம் தேடிய
என் ஒற்றைக் கம்மல்.